ரிவர்ஸ் இல்லாத போட்டு

எங்கள் மாமாவுக்கு ‘மாட்டேன்’ என்ற சொல் மட்டும் வாயில் வராது. மற்றபடி பேச்சில் ஒரு குறையும் கிடையாது. உரக்கடை வாசலில் உட்கார்ந்தால் யூரியா விலையில் தொடங்கி டெல்லி அரசியல் வரைக்கும் நிறுத்தாமல் பேசுவார். ஆனால் யாராவது வந்து ஒன்றைக் கேட்டுவிட்டால் போதும், தலை தானாக ஆடிவிடும். “சரி” என்பார். கேட்டவன் போன பிறகு என்னைப் பார்த்து, “என்னட்டி செய்ய? முகத்துக்கு நேரா கேட்டுட்டானே” என்பார். முகத்துக்குப் பின்னால் எவன் வந்து கேட்பான்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. தாத்தா விட்டுப்போன உரக்கடை, கடைக்குப் பின்னால் மூட்டை அடுக்கும் கிடங்கு, அதை ஒட்டி ஒரு படுக்கையறை, இதுதான் அவருடைய உலகம். கல்யாணம் ஆகவில்லை. அதுவும் இந்தச் ‘சரி’யால் வந்த வினைதான். ஒரே வாரத்தில் தென்காசிப் பக்கத்தில் இருந்து ஒரு வீட்டுக்காரர்களும், ஆழ்வார்திருநகரிப் பக்கத்தில் இருந்து ஒரு வீட்டுக்காரர்களும் பெண் தருகிறோம் என்று வந்து கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சரி என்றுவிட்டார். இரண்டு பேரும் ஒரே முகூர்த்த நாளில், பாளையங்கோட்டையில் ஏறிய ஒரே காலை பஸ்ஸில், பூவும் பழமுமாக வந்து இறங்கினார்கள். வழியெல்லாம் சம்பந்தி வீட்டுப் பெருமை பேசிக்கொண்டு வந்தவர்கள், ஒரே வாசலில் வந்து நின்றபோதுதான் ஒருவரையொருவர் சரியாகப் பார்த்தார்களாம். அதற்குப் பிறகு அவருக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. அம்மாதான் இரண்டு வேளையும் சோறு கொடுத்துவிடுவாள். நான் தூக்குவாளியோடு கடைக்குப் போவேன்.

“லே, ஒருத்தன்கிட்டயாவது மாட்டேன்னு சொல்லிப் பழகுலே,” என்று அம்மா அவரிடம் சொல்லாத நாள் இல்லை. “நீ அப்படிச் சொன்னேன்னு என் காதுல விழுந்த அன்னைக்கு நான் பாயசம் வச்சு ஊருக்கே ஊத்துதேன்.”

“சரிக்கா, சொல்லுதேன்” என்பார் மாமா. அதற்கும் சரிதான்.

படகு, எங்கள் ஊர்ப் பேச்சில் போட்டு, வந்ததும் அப்படித்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் பி.எட். முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். மாமா மலைமேல் ஓர் எஸ்டேட்டுக்கு லாரியில் உரம் ஏற்றிக்கொண்டு போனார். அங்கே மேனேஜர்களுக்கென்று ஒரு கிளப் இருந்ததாம். அதை மூடிக்கொண்டிருந்தார்கள். முன்னொரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் துரைமார்கள் அணைத் தண்ணீரில் ஓட்டி விளையாடிய சின்ன ஸ்பீடு போட்டு ஒன்று ஷெட்டில் கிடந்தது. எடுக்க ஆள் இல்லை. “அண்ணாச்சி, காலி லாரிதான திரும்பப் போவுது, இதையும் தூக்கிட்டுப் போயிருங்க” என்று அந்த ஷெட் வாட்ச்மேன் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். அவ்வளவுதான்.

லாரி எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, சாமி சப்பரம் வருகிறதென்று நினைத்து எதிர்வீட்டு ஆச்சி எழுந்து கும்பிட்டாள். சிவப்பும் வெண்ணெய் நிறமுமாக, ஒரு மாட்டுவண்டி நீளத்துக்குப் போட்டு. முன்னால் வளைந்த கண்ணாடி. கார் மாதிரி ஸ்டியரிங். இரண்டு ரெக்சின் சீட்டுகள். பின்னால், கவிழ்த்துவைத்த குடத்தைப் போல ஒரு மோட்டார். அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் மூன்று இதழ் விசிறி. கடையில் உரம் வாங்க வந்த சம்சாரிகள் எல்லாரும் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். “இதை வச்சு எந்த வயலுக்கு வே உழப்போறீரு?” என்று ஒருவர் கேட்டார். மாமா சிரித்தார்.

அப்பாவுக்கு அவமானம் தாங்கவில்லை. அவர் ரெவின்யூ ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் கமிட்டித் தலைவர். தெருவில் நடந்தால் துண்டு கூட மடிப்புக் கலையக்கூடாது அவருக்கு. “ஊருக்குள்ள நமக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. உன் தம்பி அதுல போட்டு விட்டுட்டான்” என்று அம்மாவிடம் கத்தினார். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. பள்ளியில் கூட வேலை பார்த்த டீச்சர்கள், “உங்க மாமாதானே போட்டு வச்சிருக்காவ?” என்று கேட்கும்போதெல்லாம் சாக்பீஸ் எடுப்பது போல மேசைக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

மாமாவோ அந்தப் போட்டின் மேல் உயிரையே வைத்துவிட்டார். மோட்டாரைக் கழற்றிப் பூட்டி, பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும் என்று பட்டறை ஆட்களிடம் கேட்டுக்கொண்டு, கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை கன்றிப்போய், கடைசியில் ஒருநாள் அது உயிர் பெற்றது. மழை முடிந்து பெரியகுளம் நிறைந்திருந்த சமயம். உபரித் தண்ணீர் வழியும் மறுகாலுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். நீலப் புகை கக்கிக்கொண்டு, மூக்கைத் தூக்கிக்கொண்டு அது பாய்ந்தபோது குளத்து நாரைகள் எல்லாம் ஒரே வீச்சில் எழும்பின. நானும் ஒரு தடவை ஏறினேன். பொய் சொல்வானேன், அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. முகத்தில் தண்ணீர் சாரலாக அடிக்க, மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சின்னப்பிள்ளை மாதிரி கத்தினார்.

ஒரு குறை இருந்தது. அந்த மோட்டாருக்கு முன்னால் போகத்தான் தெரியும். பின்னால் வராது, சட்டென்று நிற்கவும் நிற்காது. கரைக்கு ரொம்ப முன்னாலேயே அணைத்துவிட்டு, மிதந்து வரும்போது காலை நீட்டிக் கரையில் ஊன்றி நிறுத்துவார். “ரிவர்ஸ் இல்லாத ஆளுக்கு ரிவர்ஸ் இல்லாத போட்டு. நல்ல சோடி” என்றாள் அம்மா.

கேட்டவர்கள் எல்லாரையும் ஏற்றினார். புதுமாப்பிள்ளையும் பொண்ணும் கேட்டார்கள், ஏற்றினார். என்னோடு வேலை பார்த்த டீச்சரின் குடும்பமே ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு பாளையங்கோட்டையில் இருந்து வந்தது, ஏற்றினார். ஒருத்தர் கிடாயைக் கொண்டுவந்து, “இதை அக்கரைல இறக்கிவிடும் வே, சுத்திப் போனா பொழுதாயிரும்” என்றார். அதையும் ஏற்றினார். பிறகு போட்டின் பாகங்களையே ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்கள். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் ஓர் அம்மாள், போட்டை மூடியிருந்த தார்ப்பாய் காயப்போடத் தோது என்றாள், கொடுத்துவிட்டார். சலூன்காரர் பின் சீட்டைக் கேட்டார். அதுவும் போனது. நான் தூக்குவாளியை வைத்துவிட்டு, “மாமா, நாளைக்கு எவனாவது வந்து மோட்டாரைக் கேட்டா?” என்று கேட்டேன்.

“கேக்க மாட்டாங்கட்டி. கொஞ்சம் வெட்கம் இருக்கும்லா அவங்களுக்கும்” என்றார்.

மோட்டாரைக் கேட்டவர் எங்கள் அப்பாதான்.

அந்த ஆண்டு தைப்பூசத் தெப்பத்தில் ஒரு வில்லங்கம். எங்கள் ஊர்த் தெப்பக்குளம் நாற்சதுரம், நடுவில் கல்மண்டபம். தகரப் பீப்பாய்களைக் கட்டி, மேலே பலகை பரப்பி, அதன்மேல் சுவாமியையும் அம்பாளையும் எழுந்தருளப் பண்ணி, கரையில் இருந்து வடம் பிடித்து மூன்று சுற்று இழுப்பார்கள். முதல் சுற்றுக்கு வடம் பிடிக்கும் உரிமை மேலத்தெருவுக்கா கீழத்தெருவுக்கா என்று முந்தைய ஆண்டே அடிதடி. இந்த ஆண்டு போலீஸ் வரும் போல இருந்தது. அப்பா இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். வடத்தை ஒருத்தரும் தொட வேண்டாம். தெப்பத்தைப் போட்டில் கட்டி இழுத்துவிடலாம்.

தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்துவிட்டது. இரண்டு தெருக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். தனக்குக் கிடைக்காதது அடுத்தவனுக்கும் கிடைக்கவில்லை என்றால் எங்கள் ஊருக்கு அது போதும். அதுவரை போட்டு என்றாலே முகத்தைச் சுளித்தவர், அன்று நேராக உரக்கடைக்குப் போனார்.

மாமா முதல்முறையாகக் கொஞ்சம் தயங்கினார். நான் அங்கேதான் நின்றேன். “அத்தான், இழுக்கும். அதுல ஒண்ணும் இல்ல. ஆனா கரையில இருந்து வடம் பிடிக்கயில முன்னால இழுக்க ஒரு கூட்டம், பின்னால பிடிச்சு நிறுத்த ஒரு கூட்டம் இருக்கும்லா? இதுல பின்னால பிடிக்க ஆளு இல்லையே. போட்டு நின்னாலும் தெப்பம் நிக்காதே.”

“அதான் பைய, மெதுவாப் போலேங்கேன். ஊரே உன்னை நம்பி இருக்கு மாப்ளே. முடியுமா முடியாதா?”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு தலை ஆடிவிட்டது. “சரி அத்தான்.”

தைப்பூசத்தன்று பொழுது சாயும் நேரத்தில், சப்பரம் தூக்குவது போல ஆட்கள் போட்டைத் தோளில் வைத்துப் படிக்கட்டில் இறக்கினார்கள். மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தை எங்கே வைத்து நசுக்குவது என்று குழம்பி, ஸ்டியரிங்கில் கட்டினார்கள். தெப்பத்தில் குருக்கள், நாதஸ்வரக்காரர்கள், ட்யூப் லைட் தோரணம், பரிவட்டம் கட்டிக்கொண்டு முன்வரிசையில் அப்பா. நான் அம்மாவோடு படியில் நின்றேன். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. “என் தம்பி இழுக்கான் பாத்தியா? சாமியையே இழுக்கான்.”

முதல் சுற்று அவ்வளவு அழகாகப் போனது. மாமா கழுத்தைத் திருப்பித் திருப்பித் தெப்பத்தைப் பார்த்துக்கொண்டே, குழந்தையை நடக்கவைப்பது போல இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டாவது சுற்றில் எவனோ ஒருத்தன் கரையில் இருந்து, “ஸ்பீடு போட்டா, எருமை மாடா?” என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. அப்பா தெப்பத்தில் நின்றபடி கையை ஆட்டியதைப் பார்த்தேன். தவிலும் மோட்டாரும் போட்ட சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மாமா திரும்பிப் பார்த்தார், தலையை ‘வேண்டாம்’ என்பது போல அசைத்தார். அப்பா மறுபடியும் கையை ஆட்டினார். மோட்டார் உறுமியது.

மூலை வந்தது. போட்டு திரும்பியது. தெப்பம் திரும்பவில்லை. வந்த வேகத்தில் நேராகப் போய்ப் படிக்கட்டில் மோதியது. ட்யூப் லைட்டுகள் உடைந்து ஒரே இருட்டு. சுவாமியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்ததால் சாய்ந்ததோடு சரி. அம்பாளின் கிரீடம் கழன்று தண்ணீருக்குள் போய்விட்டது. அப்பாவும் பரிவட்டத்தோடு தண்ணீருக்குள் போனார். மாமாதான் குதித்து, அவரை அக்குளில் பிடித்துப் படிக்கு இழுத்துவந்தார். கிரீடத்தையும் முங்கி எடுத்தார். யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஆனால் இரண்டாவது சுற்றோடு தெப்பம் நின்றுபோனது. பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அம்மா என் தோளைப் பிடித்தபடி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை நான் தூக்குவாளியோடு கடைக்குப் போனபோது கிடங்குக்குள் அப்பாவின் குரல் கேட்டது. மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன்.

“நான் வேகமாப் போன்னுதான் கையக் காட்டினேன். உனக்குத் தெரியும். ஊர்க்காரன் என்ன நினைச்சிருக்கான்னா, நான் பையப் போன்னு காட்டினேன், நீதான் கேக்காமப் போய்ட்டேன்னு நினைச்சிருக்கான். அது அப்படியே இருக்கட்டும் மாப்ளே.” அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். “எனக்கு ஒண்ணும் இல்ல. பிள்ளைக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். சாமியக் கவுத்தவன் மகள்னு பேர் வந்துட்டா எவன் வருவான்? உனக்கென்ன, பொண்டாட்டியா பிள்ளையா?”

அந்தக் கடைசி வார்த்தையை அப்பா சொல்லாமல் இருந்திருக்கலாம். மாட்டேன்னு சொல்லுங்க மாமா, இன்னைக்கு ஒரு நாள் சொல்லுங்க என்று மனதுக்குள் கத்தினேன். மனதுக்குள்தான் கத்தினேன்.

“சரி அத்தான்” என்றார் மாமா.

அன்று சாயங்காலம் கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம். மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். “அத்தான் பையப் போன்னு கையக் காட்டினாவ. நான்தான் ஆசைல முறுக்கிட்டேன். தப்புதான்.” அப்பா தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தி பூஜை செய்ய வேண்டும் என்றார்கள். அதோடு விடவில்லை. பங்குனித் திருவிழாவில் ஆறாம் திருநாள் மண்டகப்படி, அம்மா பிறந்த வீட்டுக்கு உரியது. சுவாமியை அலங்கரித்து, வீதிவலம் விட்டு, ஊருக்குப் பிரசாதம் கொடுப்பது தாத்தாவுக்கும் முந்தின காலத்தில் இருந்து அவர்கள் வீட்டுப் பொறுப்பு. அது இனி ஊர்ப் பொதுவுக்கு என்று முடிவு செய்தார்கள். சம்மதமா என்று கேட்டார்கள். அந்த மனுஷனிடம் போய்ச் சம்மதமா என்று கேட்டார்கள்.

அம்மா தம்பியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். “எங்க அய்யா ஒத்தை வேட்டியோட இருந்த காலத்துலயும் அந்த மண்டகப்படிய விடலியே. ஒரு போட்டுக்காக அதைத் தொலைச்சிட்டானே பாவி” என்று அழுவாள். சோறு மட்டும் தவறாமல் போகும். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பாதியில் எழுந்து கை கழுவப் போய்விடுவார். நான் பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருப்பேன். உண்மை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. இரண்டு திருடர்கள் ஒரே வீட்டில் இருந்தது போல இருந்தோம்.

மாமாவைத் தெருவில் சின்னப் பயல்கள் கூட ‘தெப்பம்’ என்று கூப்பிட்டார்கள். அதற்கும் திரும்பிப் பார்ப்பார். போட்டு கிடங்குக்குள் குப்புறக் கிடந்தது. அதன்மேல் காலிச் சாக்குகளை அடுக்கியிருந்தார்.

அந்த ஐப்பசியில் எனக்கு நிச்சயம் ஆனது. தென்காசி மாப்பிள்ளை, நல்ல இடம். அன்றிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை என்று நினைக்கிறேன். மழை முடிந்து பெரியகுளம் நிறைந்ததும் ஒரு காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, “ஏட்டி, நீயும் வா” என்றார். இரண்டு பேரும் உரக்கடைக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அப்பாவுக்கு அந்தச் சொல் வராது. மாமாவுக்கு ‘மாட்டேன்’ வராதது போல.

“மாப்ளே, குளம் நிறைஞ்சு கிடக்கு. போட்டை இறக்கு” என்றார். “நான் ஏறுதேன். நாலு பேர் பாக்கட்டும். தலைவரே ஏறிட்டாருன்னா பிறவு ஒரு பயல் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டான்.”

மாமா சாக்குத் தைக்கும் ஊசியைக் கீழே வைத்தார். கிடங்குப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அவர் முகத்தில் அந்த ஆசை அப்படியே எழும்பி வந்ததை நான் பார்த்தேன். தலை ஆடப்போகிறது என்று காத்திருந்தேன்.

“மாட்டேன் அத்தான்” என்றார்.

அப்பாவுக்குக் காதில் விழவில்லை போல. “என்னது?”

“மாட்டேன். நீங்க அன்னைக்கு பயந்துபோய் பையப் போன்னு கையக் காட்டினீய. அப்படித்தான ஊரு நம்புது? இப்பம் ஆசையா ஏறி உக்காந்தா, இந்த மனுஷனா பயந்தாருன்னு ஒருத்தனாவது யோசிப்பான். ஒண்ணத் தொட்டா ஒண்ணு வரும். பிள்ளைக்கு இப்பம்தான் நிச்சயம் ஆயிருக்கு. கல்யாணம் நல்லபடியா முடியட்டும். வேண்டாம் அத்தான்.”

சொல்லிவிட்டு, ஏதோ தப்பு செய்துவிட்டவர் போல, “கோவிச்சிக்காதீய” என்றார்.

இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் அம்மா, “எங்க போய்ட்டு வாரீய?” என்று கேட்டாள்.

“போட்டுல ஏறலாம்னு உன் தம்பிகிட்ட கேக்கப் போனேன். மாட்டேன்னுட்டான்.”

அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “அவனா? மாட்டேன்னா? உங்ககிட்டயா?” என்று கேட்டாள். அப்பா தலையை ஆட்டினார். அம்மா சிரித்தாள், அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடியும் சிரித்தாள். “புத்தி வந்துட்டு அவனுக்கு. இனிமே பிழைச்சிக்கிடுவான்!” என்று சொல்லிக்கொண்டே அடுக்களைக்குள் போனாள். எதற்கு மாட்டேன் என்றான் என்று அவள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏலக்காய் தட்டும் சத்தம் கேட்டது.

அதுவரை அவள் பேசாமல் இருந்த தம்பிக்கு முதல் பாயசம். தூக்குவாளி நிறைய ஊற்றி என்னிடம் கொடுத்துவிட்டாள். மாமா மூடியைத் திறந்து பார்த்து, “என்ன விசேஷம்ட்டி?” என்றார். சொன்னேன். முதலில் விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு டம்ளர் குடித்துவிட்டு, சிரிப்பு அடங்கியதும், “காரணத்தை அக்காகிட்ட சொல்லலியே?” என்று கேட்டார்.

“இல்ல மாமா.”

“சொல்லாதே, என்ன? இப்பம்தான் பேச வந்திருக்கா.”

“சரி மாமா” என்றேன்.

வீட்டுக்கு வந்தால் எனக்கும் அப்பாவுக்கும் டம்ளரில் ஊற்றி வைத்திருந்தாள். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு குடித்தோம்.

கடைசிவரை அம்மா அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் சரி, என் பிள்ளைகளிடமும் சரி, “என் தம்பியும் ஒரு தடவை மாட்டேன்னு சொல்லியிருக்கான் பாத்துக்கோ. அதுவும் யார்கிட்ட? இவுங்ககிட்டயே!” என்று அப்பாவைக் காட்டிச் சொல்லுவாள். அப்பா எழுந்து கை கழுவப் போய்விடுவார்.